கவரைப்பேட்டையில் பதினைந்து கேள்விகள்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் தோல் பிரிவில் நான் நர்ஸ். தோல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அளந்து பார்க்க எங்கள் பிரிவில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். வலி, தூக்கம், வேலை, குடும்பம் என்று பதினைந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டுத்தொகை ஏற ஏற, அவருக்குச் சிரமம் அதிகம் என்று அர்த்தம். கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் பொறுப்பு எனக்கு. இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்று, ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடந்ததை எழுதுகிறேன்.

சென்ட்ரலில் காலை 7.50 மின்சார ரயில், டிக்கெட் பத்து ரூபாய். உட்கார இடம் கிடைக்காது. ஷிப்டுக்குப் போகும் கூட்டம். 9.05க்குக் கவரைப்பேட்டை. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், முப்பது ரூபாய். லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே அரை மணி நேரம் ஆனது.

“இன்னா மேடம், ஃபைலெல்லாம் எட்துக்கினு வர்றீங்க? யார் ஊட்டுக்கு?” என்றார் டிரைவர்.

சிரித்து மழுப்பினேன். மருத்துவமனை என்று சொன்னால் எனக்கு முன்னால் செய்தி ஊருக்குள் போய்விடும். ஒரு தெரு முன்னதாகவே இறங்கிக்கொண்டேன்.

நான் பார்க்கப் போன தேவராஜ் (பெயரை மாற்றியிருக்கிறேன்) ஓர் இரும்பு உருக்காலையில் வேலை செய்கிறார். வயது நாற்பத்தாறு. இருபது வருடத்துக்கு முன் கெண்டைக்காலில் பட்ட தீக்காயத்தின் தழும்பில் புண் வந்து, ஆறாமலே இருந்து, கடைசியில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதை வெட்டியெடுத்துத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இரண்டு வருடமாகிறது, நோய் திரும்பவில்லை.

கேள்விகளைப் படித்தேன். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் “அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்” என்றே பதில். கூட்டினால் இரண்டு. நல்ல வாழ்க்கை! எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தாளை மடிக்கும்போதுதான் மெதுவாகக் கேட்டார்.

“இந்தப் பேப்பரு கம்பெனிக்குப் போவுமா?”

“போகாதுங்க. இதில் உங்கள் பெயரே இல்லை, நம்பர் மட்டும்தான்.”

தாளை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப மொதல்லேர்ந்து கேளுங்க.”

ஒட்டிய தோல் உலைச் சூட்டில் எரிகிறது. ஒன்றும் இல்லாததுபோல நடக்கவே பாதி சக்தி போகிறது. மற்றவர்களோடு உடை மாற்றாமல், எல்லாரும் போகும்வரை பாத்ரூமில் நிற்கிறார். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். குடும்பம் பற்றிய கேள்வி வந்ததும் வாசல் பக்கம் பார்த்தார். “ஊட்ல எனக்குத் தட்டு, டம்ளரு தனி. படுக்கையும் தனி. அவ மேல தப்பில்ல மேடம். புள்ள இருக்குதுல்ல.”

கூட்டுத்தொகை முப்பத்தொன்று.

கேள்வி கேட்பவர் கேட்க மட்டுமே வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். என்னால் முடியவில்லை. அவர் சம்மதத்தோடு அவர் மனைவி ரூபியைக் கூப்பிட்டு, இது ஒட்டிக்கொள்ளும் நோயே இல்லை என்றேன்.

“இன்னா மேடம் சொல்றீங்க?” ரூபி கதவைப் பிடித்துக்கொண்டார். “ரெண்டு வருசமா யாருமே சொல்லலியே! புண்ணாச்சே, கொயந்தைக்கு வந்துடப் போவுதுன்னு... நான் பாவி, அவுர ஒதுக்கி வெச்சிக்கினு இருந்துட்டனே.” சேலைத் தலைப்பால் முகத்தை மூடி அழுதார். தேவராஜ் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார். நான் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

உலைச் சூட்டிலிருந்து வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி எங்கள் டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பினேன். அதைக் கம்பெனியில் காட்ட அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. காட்டச் சொல்லி வற்புறுத்த எனக்கும் உரிமையில்லை.

போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துப் போங்கள். திரும்பும் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு அவசரப்படாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும். முதல் பதிலை நம்பி எழுந்துவிடாதீர்கள். தாளைப் பிரிப்பதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: இது கம்பெனிக்குப் போகாது; இந்த நோய் யாருக்கும் ஒட்டாது. இரண்டாவதை வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லலாமா என்று சிகிச்சை பெற்றவரிடமே கேளுங்கள். சரி என்றால், உரக்கச் சொல்லுங்கள்.