ஒரு குறையும் இல்லைங்க சார்

நாடாளுமன்ற கேன்டீனில் டீ ஊற்றுகிறவருக்கு, பெரிய மனிதர்கள் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற குணம். பாழாய்ப்போன குணம். அன்று காலை அவருடைய தொகுதி உறுப்பினர் டம்ளரை வாங்கிக்கொண்டே, "என்னப்பா, நம்ம ஏரியா எப்படி இருக்கு?" என்று கேட்டார். அங்கே குழாயில் தண்ணீர் வந்து மாதக்கணக்காகிவிட்டது. ஆனாலும் மனிதர் வாய் திறந்து விசாரிக்கிறாரே! "ஒரு குறையும் இல்லைங்க சார்" என்றார் இவர், பல்லெல்லாம் தெரிய.

மதியம் எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவர் அதே ஏரியாவின் தண்ணீர்ப் பஞ்சத்தைச் சபையில் கிளப்பினார். தொகுதி உறுப்பினர் துள்ளி எழுந்தார். "அங்க குடியிருக்கிற ஒருத்தர்கிட்டயே காலையில கேட்டேன். ஒரு குறையும் இல்லைன்னுட்டார்!" மேசைகள் அதிர்ந்தன. கேன்டீன் டீவியில் இதைப் பார்த்தவர் கொதிக்கிற டீயைத் தன் விரல்மேலேயே ஊற்றிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனால், தெருவே தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கிறது. மனைவி இடுப்பில் குடத்தோடு பொரிந்து தள்ளினாள். "டீவி பார்த்தீங்களா? எவன்ங்க அந்த ஆமாஞ்சாமி? கையில கிடைச்சான்னா இந்தக் குடத்தாலயே மண்டையை உடைப்பேன்!"

அவர் குடத்தை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார். நிமிர்ந்து ஒரு முகத்தையும் பார்க்க முடியவில்லை. நாளைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று, வரிசை நகர நகர மனசுக்குள் ஒத்திகை பார்த்தார்.

மறுநாள் உறுப்பினர் அவர் தோளைத் தட்டினார். "நேத்து உன்னாலதான்ப்பா தப்பிச்சேன். என்ன, ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு?"

"சர்க்கரை போதுமாங்க சார்?" என்றது அவர் வாய்.