அக்காவுக்காக நான் பேசிய பிரெஞ்சு

எனக்குப் பதினொரு வயது ஆகும்வரை எங்கள் வீட்டில் பாடகி என்றால் அது நான்தான். கியூபெக்கில், செயின்ட்-மிஷேல் பகுதியில் நாங்கள் போகும் சேர்ச்சில் ஞாயிறு காலை ஹெயிட்டிக்காரரின் பூசை நடக்கும். அவர்கள் கலைந்த பிறகு தமிழ்ப் பூசை. அதில் நற்கருணைப் பாட்டைத் தனியாகப் பாடுவது நான். பூசை முடிந்ததும் மட்டக்களப்புச் சனம் அம்மாவிடம் வந்து பிள்ளையின் குரலைப் புகழ்ந்துவிட்டுப் போகும். அம்மா அதை அடக்கமாக வாங்கிக்கொள்வாள். நான் அடக்கமில்லாமல் வாங்கிக்கொள்வேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் பெரியம்மாவின் மகள் எங்களிடம் வந்து சேர்ந்தாள். பெரியம்மாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. அவளிடம் இரக்கமாக நடந்துகொள்ள வேண்டும் என்று விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே அப்பா சொல்லிவைத்தார். நானும் மூன்று கிழமை மனதார இரக்கப்பட்டேன். நாலாவது கிழமை, கோப்பை கழுவிக்கொண்டு நின்ற அக்கா பாடத் தொடங்கினாள்.

கரகரத்த, தடித்த குரல். முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தால், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நின்றாள். நான் பாடும்போது அம்மா ஒருநாளும் அடுப்பை அணைத்ததில்லை.

அந்த நத்தாருக்கு, கிறிஸ்துமஸ் பூசையில், தனிப்பாட்டு அக்காவுக்குப் போனது. எனக்குத் தொண்டை நோ என்று சொல்லிவிட்டுப் பின்வரிசை வாங்கில் இருந்தேன். ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவள் தாளத்துக்குப் பின்னால் பிந்தி வருவதைக் கண்டுபிடித்தேன். சனம் இதைக் கவனிக்கும், சிரிக்கும் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஹெயிட்டிக்காரரின் குழுவில் கீபோர்ட் வாசிக்கும் பெண் ஒருத்தி வயர்களைச் சுற்ற நின்றவள், சுற்றுவதை விட்டுவிட்டுப் பாட்டைக் கேட்டாள். அக்காவை வருகிற சனிக்கிழமை சேர்ச்சுக்குக் கீழே உள்ள மண்டபத்துக்கு வரச் சொல்லு என்று என்னிடம் பிரெஞ்சில் சொன்னாள்.

பிரெஞ்சு என்றால் வீட்டில் நான்தான். அக்கா புதிதாக வந்தவர்களுக்கான வகுப்பில் ஆறு மாதம் இருந்தும் யாராவது பேசினால் சிரித்துத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். ஆகவே சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

கீபோர்ட்காரி தன்னிடம் ஒரு இசைக்குழு இருப்பதாகச் சொன்னாள். அவர்கள் வாசிப்பது நியோ சோல். கறுப்பினத்தவரின் பழைய சோல் பாட்டை எடுத்து, டிரம்ஸை ஆறுதலாக, மெதுவாக விட்டு, குரலை அதற்குச் சற்றுப் பின்னால் நடக்கவைக்கிற இசை. நான் பிழையென்று கண்டுபிடித்ததைத்தான் அவள் ஒரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாளாம். கோடையில் பூங்காக்களில் பாட வேண்டும், உன் அக்கா வருவாளா என்று கேட்டாள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்றா?"

"அவங்களுக்கு வேற ஆள் கிடைச்சிட்டுதாம்," என்றேன். "வந்ததுக்கு நன்றியாம்."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வடிவாக் கேட்டுச் சொல்லு, புள்ள."

நான் கீபோர்ட்காரியிடம் திரும்பி, அக்காவுக்கு இதில் விருப்பமில்லை, படிக்க வேண்டுமாம் என்று திருத்தமான பிரெஞ்சில் சொன்னேன். பிறகு அக்காவிடம், "அதேதான் சொல்றாங்க," என்றேன்.

கீபோர்ட்காரி தோளைக் குலுக்கிவிட்டு எழுந்தாள். நான் கோட்டின் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினேன். அக்கா குளிர்க்கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் அந்த நத்தார்ப் பாட்டையே, முன்னையிலும் மெதுவாக, பாடத் தொடங்கினாள். இரண்டாவது அடி முடியமுன் கீபோர்ட்காரி திரும்ப உட்கார்ந்துவிட்டாள். மேலே நின்ற டிரம்ஸ்காரனும் படியிறங்கி வந்தான். ஒரு மணித்தியாலம் போனது. கோட்டுக்குள் வியர்க்க வியர்க்க, கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

பஸ்ஸில் வரும்போது அக்கா கேட்டாள். "நான் பாடினது எப்பிடி?"

"ஒவ்வொரு இடத்திலயும் பிந்திப் பிந்திப் பாடினீங்க."

"ஓம்," என்றாள், சந்தோஷமாக.

அந்தக் குழுவில் சேர்ந்த அக்காவைத் தனியாகப் போக அம்மா விடவில்லை. அதனால் எல்லாச் சனிக்கிழமையும் நான் துணைக்குப் போனேன். அகப்பட்டுவிடுவேன் என்ற பயத்தில் அதற்குப் பிறகு ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். கோடை வந்தது, பூங்காவில் பாடினாள். அடுத்த வருடம் டவுன்டவுன் மேடை. அதற்கடுத்த வருடம் ஒரு இசைத்தட்டு. ஆங்கிலப் பாட்டுகளுக்கு நடுவில் நாலு வரி தமிழும் வரும். மெட்ரோச் சுவரில் அவள் படத்தைப் பார்த்துவிட்டு என் வகுப்புப் பிள்ளைகள் உன்னுடைய அக்காவா என்று கேட்டார்கள். சொந்த அக்கா இல்லை என்று சொன்னேன். அவள் வேறு வீடு பார்த்துப் போனபோது அம்மா அழுதாள். நான் கட்டிலை இழுத்து ஜன்னலோரம் போட்டேன். சேர்ச்சில் தனிப்பாட்டு எனக்குத் திரும்பி வந்தது. பூசை முடிந்ததும் அம்மாவிடம் ஆட்கள் வந்தார்கள், அக்காவின் அடுத்த கச்சேரி எங்கே என்று கேட்க.

எனக்குப் பதினைந்து வயதில் அவளை வானொலியில் பேட்டி கண்டார்கள். சோறு தின்றுகொண்டே கேட்டோம். நல்ல கியூபெக் பிரெஞ்சில், என்னிலும் வடிவாக, பேசினாள். முதல்நாள் இசைக்குழுவிடம் யார் கூட்டிப்போனது என்று கேட்டபோது, என் தங்கச்சிதான் வந்தாள், எனக்காக அவளே பேசினாள் என்றாள். அப்போது உங்களுக்குப் பிரெஞ்சு விளங்காதா என்று கேட்டார்கள். எல்லாம் விளங்கும், வாய் திறக்கத்தான் வெட்கம் என்று சொல்லிச் சிரித்தாள்.

"உன்னையும் சொல்றாள், கேட்டியா?" என்றாள் அம்மா.

நான் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். என்னை ஒருநாள் மாட்டிவிடுவதற்காகவே நாலு வருடம் இதை மனதுக்குள் அடக்கி வைத்திருந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு மாதம் அவளுடைய தொலைபேசிக்குப் பதில் சொல்லவில்லை. அகப்பட்டுவிட்டேன் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. அந்த மண்டபத்தில் அவள் என்னை இரண்டாம் தடவை கேட்டது, பொய்யை நானே திருத்திக்கொள்ளட்டும் என்றுதான் என்பது அந்த வயதிலும் எனக்கு எட்டவில்லை.