மல்லிகா அக்காவும் சரியாகாத என் பெடலும்

மல்லிகா அக்கா போய்ட்டாங்க. காலைல அவங்க மருமகன் போன் பண்ணினார்... ஹார்ட் அட்டாக். கேட்டதுல இருந்து ஒரு வேலையும் ஓடல.

உங்கள்ல பல பேருக்கு அவங்களைத் தெரியாது. பெரிய காஞ்சிபுரத்துல பழைய பட்டுப்புடவை வாங்கி, ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கிறவங்க. கூடவே பழைய ரேடியோ பார்ட்ஸும் வாங்குவாங்க. சில பழைய டிரான்சிஸ்டர் கால்ல தங்கமுலாம் இருக்கும்.

அங்கதான் எனக்கும் அக்காவுக்கும் முட்டிக்கிச்சு. நான் வீட்ல கிட்டார் பெடல் செய்றவன்... மிதிச்சா கிட்டார் சவுண்டை மாத்துற சின்னப் பெட்டி.

நான் செய்ற ஃபஸ் பெடலுக்கு அந்தப் பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்தான் வேணும். இப்ப அது குதிரைக்கொம்பு. ஆன்லைன்ல வாங்கினா பாதி டூப்ளிகேட்.

அக்காகிட்ட கேட்டேன். "எடுத்து வக்கிறேன், அடுத்த வாரம் வாப்பா"ன்னாங்க. போனேன். டப்பா நிறைய டிரான்சிஸ்டர்... ஒண்ணுக்கும் கால் இல்ல. ஜரிகை வெட்டுற கத்திரியால ஒட்ட நறுக்கியிருந்தாங்க.

"கால் எனக்கு, தலை உனக்கு. சரிதானே?"ன்னு ஒரு சிரிப்பு வேற.

"கால் இல்லாம எங்கக்கா சோல்டர் பண்றது? தூக்கிக் குப்பையில போடுங்க!"ன்னு கத்திட்டு வந்துட்டேன். ரெண்டு மாசம் அந்தப் பக்கமே போகல. பெரிய மனுஷன் நான்.

அப்புறம் வேற வழியில்லாம போய் நின்னேன். அக்கா டப்பாவைத் துழாவினாங்க. முழுக் காலோட ரெண்டு எடுத்துக் கையில வச்சாங்க. "தங்கம் போனா போவுது. அது இன்னா பண்ணுதுன்னு எனக்கு காட்டணும், ஆமா."

அந்த ரெண்டையும் போட்டுச் செஞ்ச பெடல், கிட்டார், ஆம்ப் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போய் கடையிலயே வாசிச்சேன். எவ்வளவு நாளா தேடின சவுண்டு!

அக்கா முகம் வாடிப்போச்சு. "அய்யோ பாவம்... இவ்ளோ பாடுபட்டும் கொரகொரன்னுதானே இருக்குது. விடுப்பா, வேற தரேன். போட்டுப் பாரு, சரி ஆவும்."

ஃபஸ்னாலே அந்தக் கொரகொரப்புதான். சொல்ல வாயைத் திறந்தேன்... அதுக்குள்ள இன்னும் ரெண்டு கைக்கு வந்துடுச்சு. சொல்லல.

அதுக்கப்புறம் எப்பப் போனாலும் "சரியாச்சாப்பா?"தான். நான் உதட்டைப் பிதுக்குவேன். இருக்கிறதுலயே பளபளன்னு இருக்கிறதா தேடி எடுத்துட்டு வருவாங்க. அதுல ஆறு பெடல் செஞ்சுட்டேன். வெக்கமா இருக்கு.

மருமகன் போனை வைக்கிறப்போ கேட்டார்... "ஏம்பா, உன் பொட்டி சரியாச்சா? அத்த போன வாரம்கூட கேட்டுக்கினு இருந்தாங்க."

அக்கா... அது முதல் நாளே சரியாத்தான் இருந்துச்சு. நீங்க குடுத்த முதல் ரெண்டுலயே.

பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க. போய்ட்டு வாங்கக்கா.