அண்ணன் தானே பேசிய கூட்டம்

செய்தி வந்தபோது காலை பத்து இருபது. நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் கம்பெனியின் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். அண்ணன் வேலையிடத்தில் மயங்கி விழுந்ததையும், மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். அதற்காக அவருக்கு நன்றி சொன்னேன். ஒரு விஷயத்தை நேராகச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது எங்கள் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அண்ணன் இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக். பேசத் தொடங்கியதிலிருந்தே திக்குவாய். நான் நான்கு வயது இளையவள், ஊர்ப்பட்ட வாயாடி. கடையில் அவர் விரலை நீட்டுவார், நான் கேட்பேன். வேலைக்கான நேர்முகத்துக்கும் கூடவே போனேன். "வேலை யாருக்கும்மா, உனக்கா அவருக்கா?" என்றார் மேலாளர். எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணனுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

கல்யாணம் இரண்டு பேருக்குமே அமையவில்லை. கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் வேதாகமத்தில் ஒரு பகுதி வாசிப்போம். வாசிப்பது, சொல்லவே வேண்டாம், நான். மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தவரைக் கடவுள் அழைத்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். புதர் எரிகிறது, ஆனால் எரிந்து போகவில்லை. அடிமைப்பட்ட ஜனத்தை விடுவிக்க அரசனிடம் போய்ப் பேசச் சொல்கிறார் கடவுள். எனக்கு நாக்கு தடிப்பு, பேச வராது என்கிறார் மேய்ப்பர். நன்றாகப் பேசுகிற அவருடைய அண்ணன் துணைக்குக் கிடைக்கிறார். அந்தத் துணை நான்தான் என்று மனதுக்குள் முடிவே கட்டியிருந்தேன்.

ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றின் லிஃப்ட் அண்ணனின் பொறுப்பில் இருந்தது. மாதம் ஒரு முறை, கூண்டை ஆமை வேகத்தில் ஓடவிட்டு, அதைத் தாங்கும் நான்கு இரும்பு வடங்களின் மேலும் ஒரு பருத்தித் துணியை வைத்துப் பிடிப்பார். அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். அந்த மாதம் இரண்டாவது வடத்தில் துணி கிழிந்தே போனது. புது வடம் வர மூன்று வாரம் ஆகும். அதுவரை லிஃப்டை நிறுத்த வேண்டுமானால் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்க வேண்டும் என்று கம்பெனி கையைக் கழுவிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு வழக்கம்போல என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நிறுத்தியே ஆக வேண்டும் என்று சொல்லத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். எதிரே முப்பது முகங்கள். ஏழாம் மாடி அம்மாவுக்கு முழங்காலில் அறுவை நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை. செயலாளர் காபி கொடுத்து உபசரித்திருந்தார். நான் பேசினேன். வடம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, கூடிய சீக்கிரம் மாற்றினால் நல்லது என்றேன். எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்தார்கள். நன்றாகப் பேசினேன் என்று ஒருவர் பாராட்டவும் செய்தார்.

வீடு வந்ததும் அண்ணன் வேதத்தை எடுத்து, அந்த மேய்ப்பரின் பகுதியைத் திருப்பி, ஓர் இடத்தில் விரலை வைத்தார். எத்தனையோ முறை நான் சத்தமாக வாசித்துக் கடந்துபோன இடம். முதலில் கடவுள், உன் வாயோடு நான் இருப்பேன் என்கிறார். வேறு யாரையாவது அனுப்பும் என்கிறார் மேய்ப்பர். கடவுளுக்குக் கோபம் வருகிறது. அதற்குப் பிறகுதான் மேய்ப்பரின் அண்ணனைத் துணைக்குக் கொடுக்கிறார்.

"நீ கோபத்துல குடுத்த ஆளு," என்றார். இந்த நான்கு வார்த்தைகளுக்கு அவருக்கு நேரம் பிடித்தது. சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு விட்டு விட்டுப் பேசினார். நாக்கைக் கடவுள் சரிசெய்யவில்லை, இருந்த நாக்கோடுதான் போகச் சொன்னார் என்றார். பின்னாளில் கூட்டம் கேட்டது என்பதற்காகப் பொன்னில் கன்றுக்குட்டி செய்து கொடுத்தவரும் அந்த நன்றாகப் பேசுகிற அண்ணன்தான் என்று நினைவுபடுத்தினார். நான் அன்று செய்ததும் கன்றுக்குட்டிதான்.

மறுநாளே மறுபடி கூட்டம் கூட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். என்னைக் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

"என்ன, இன்னைக்கு ஸ்பீக்கர் பின்னாடி இருக்கு?" என்றார் செயலாளர். நாலைந்து பேர் சிரித்தார்கள். அண்ணன் எழுந்தார். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. வயரிங்கா என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். வருடாந்திர ஒப்பந்தமா என்றார் இன்னொருவர். எனக்குத் தெரியும், அது வடம். நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். நாற்காலியின் கீழ்ப்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அண்ணன் உள்ளங்கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார்.

"வடம் அறுந்துக்கிட்டு இருக்கு. லிஃப்டை நான் நிறுத்திட்டேன். சாவி என் பையில இருக்கு."

இதைச் சொல்லி முடிக்கச் சுவர்க் கடிகாரத்தின்படி மூன்று நிமிடம். அதை அவருக்காக யாரும் மழுப்பவில்லை. கேட்டவர்களுக்கும் மழுப்ப வழியில்லை.

அந்த மூன்று வாரமும் அவருக்குப் 'படிக்கட்டு' என்று பேர். வேலை முடிந்ததும் அங்கே போய், ஏழாம் மாடி அம்மாவுக்குக் காய்கறிப் பையையும் மருந்தையும் தூக்கிக்கொண்டு ஏறுவார். மாற்றி எடுத்த வடத்தில் ஒரு முழம் வெட்டிச் செயலாளரின் மேசையில் வைத்தார். தலைவிரித்த துடைப்பம் போல இருந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அன்று செயலாளர் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, பதில் முழுதாக வரும்வரை நின்றார்.

அழைப்பு பேச்சுத் திறமையைப் பார்த்து வருவதில்லை என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அந்த மேய்ப்பர் வழியை விட்டு விலகி, புதரை நின்று பார்த்தார். பார்த்த பிறகுதான் குரல் வந்தது. அண்ணனும் மாதாமாதம் துணியோடு நின்று பார்த்தவர். பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். அடுத்த பதினோரு வருடம் கடையிலும் வங்கியிலும் கூட்டங்களிலும் அவரே பேசினார். நான் பக்கத்தில் நின்று காத்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

நேற்று மேற்பார்வையாளர், அண்ணன் விழுந்த கட்டிடத்தின் லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். அண்ணனின் கடைசி வரி, 'மூன்றாம் மாடிக் கதவு, கீழ் உருளை' என்பதோடு நின்றிருந்தது. மாற்றினாரா, மாற்ற வேண்டும் என்று எழுத வந்தாரா, அவர் சொல்ல வந்தது உங்களுக்குத்தான் தெரியும், நீங்களே முடித்து எழுதிவிடுங்கள் என்றார். தெரியாது, போய்ப் பாருங்கள் என்று பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மாலையில் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார். உருளை புதிது, நான்கு திருகுகளில் இரண்டுதான் முடுக்கியிருக்கிறது.