சாமி பேருக்கு விழுந்த பில்கள்

1. பௌர்ணமிக்கு வருகிறவர்

அண்ணாமலை என்கிற வாடிக்கையாளரை நான் முதலில் பார்த்தது கம்ப்யூட்டர் திரையில்தான். புது சாஃப்ட்வேர் போட்டு ஒரு வருடம் முடிந்திருந்தது. அடி அண்ணாமலை கிளையில் அதிகம் வாங்கியவர்கள் யார் யார் என்று ஒரு ரிப்போர்ட் கேட்டேன். இருபது பெயர் வந்தது. முதல் பெயர் அண்ணாமலை. இரண்டாவது பெயர் அவருக்கு வெகு தூரம் பின்னால் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

நான் மூன்று கிளைகள் உள்ள ஒரு மளிகைக் கடையில் முதலில் கணக்கராகவும், பிறகு ரிப்போர்ட் எடுக்கிறவனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி வரைக்கும் என் பெயர் 'ரிப்போர்ட் சார்'தான். ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் ஒரு கிளை, கீழ்பென்னாத்தூரில் ஒன்று, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் ஒன்று. நான் உட்கார்ந்தது செங்கம் ரோடு கடையின் மாடியில். ஜன்னலைத் திறந்தால் மலை. திரையைப் பார்த்துக் கண் வலித்தால் மலையைப் பார்ப்பேன். இரண்டுக்கும் நடுவில் என் மனம் எங்கேயாவது போய்விடும். "உங்களுக்குச் சம்பளம் கொடுக்கறது வேலைக்கா, கனவுக்கா?" என்று என் மனைவி கேட்காத நாள் கம்மி.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். விற்பனையைத் திரையில் கோடுகளாகக் காட்டும் டேஷ்போர்டு வெறும் எண்ணும் வண்ணமும் இல்லை. கொஞ்ச நாள் பார்த்தால் அதற்குள் ஆட்கள் நடமாடத் தொடங்கிவிடுவார்கள். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலைக்கு நல்ல விலை கிடைத்த வாரத்தில் சத்துமாவு டப்பா பெரிய அளவில் போகும். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்குகிற மாதத்தில் ஓட்ஸும் தேனும் அலமாரியில் நிற்காது. எனக்கு அந்தக் கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் யாரோ தூங்கும்போது மார்பு ஏறி இறங்குகிற மாதிரி இருக்கும்.

அண்ணாமலையின் கோடு இன்னும் விசித்திரம். மாதம் முழுக்கத் தரையோடு படுத்திருக்கும். ஒரு நாள் மட்டும் எழுந்து நிற்கும். அந்த நாள் மாதா மாதம் நகர்ந்துகொண்டே போனது. காலண்டரை எடுத்து ஒப்பிட்டேன். எல்லாம் பௌர்ணமி.

என்ன வாங்குகிறார் என்று அவர் பில்களில் இருந்த சாமான் பட்டியலைத் திறந்தேன். கற்பூரம், தண்ணீர் பாட்டில், குளுக்கோஸ், கால்வலித் தைலம், குழந்தைக்கு டயப்பர், பிளாஸ்திரி, மிக்சர், மறுபடியும் தண்ணீர் பாட்டில். நிமிடத்துக்கு நிமிடம் ஏதாவது வாங்கிக்கொண்டே இருந்தார். இவர் யார்? இடுப்பில் குழந்தை, முழங்காலில் வலி, தீராத தாகம். நிலா வருகிற நாளில் வந்து, கடையிலேயே பொழுதைப் போக்கிவிட்டு, அடுத்த நிலா வரைக்கும் காணாமல் போகிறவர். மத்தியானத்தில் மலை உச்சியை மேகம் மூடுகிற நேரத்தில் ஜன்னலருகே நின்று அவருக்கு ஒரு முகம் கொடுத்துப் பார்ப்பேன். ஒரு நாள் கிழவர், ஒரு நாள் லுங்கி கட்டிய லாரி டிரைவர். கூறுள்ள எவனும் அப்போதே கீழே இறங்கிப் போய் விசாரித்திருப்பான். நான் கனவு கண்டுகொண்டிருந்தேன்.

2. சிவப்பு

பட்டியலைப் பார்த்த முதலாளி குஷியாகிவிட்டார். "யாருங்க இந்த அண்ணாமலை? ஆண்டு விழாவுல கூப்ட்டு பொன்னாடை போத்தணும் சார். போன் போடுங்க" என்றார்.

போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழியில் சொன்னது.

முதலாளி முகம் மாறியது. "என்னா சார், நம்ம நம்பர் ஒன் கஸ்டமருக்கு போனே இல்லையா?"

சாஃப்ட்வேரில் மோசடியைக் கண்டுபிடிக்க ஒரு பகுதி உண்டு. எக்ஸெப்ஷன் ரிப்போர்ட் என்பார்கள். வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் அதில் வந்து விழும். வாடிக்கையாளர்களின் போன் எண்களை ஊழியர்களின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் அதில் வழி இருந்தது. அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. அன்றைக்குத் தொட்டேன். ஒரே ஒரு வரி சிவப்பாக வந்தது. அண்ணாமலையின் எண்ணும், அடி அண்ணாமலை கிளையில் எட்டு வருடமாக கேஷியராக இருக்கும் மல்லிகா வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த எண்ணும் ஒன்று.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். வாடிக்கையாளர் நம்பர் சொல்லாவிட்டால் கேஷியர் தன் நம்பரைத் தட்டிவிட்டு, அந்த பில்லுக்கான லாயல்டி பாயிண்டை, பிறகு காசு மாதிரி கழித்துக்கொள்ளக்கூடிய புள்ளிகளை, தன் பெயரில் சேர்த்துக்கொள்வது பழைய தந்திரம். பிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மல்லிகாவின் பெயரைப் போட்டு, தலைப்பில் 'பாயிண்ட் மோசடி' என்று என் கையால் அடித்து, முதலாளிக்கு அனுப்பினேன். முதலாளி அதை அப்படியே ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். எல்லாருக்கும் பயம் இருக்கட்டும் என்றார்.

மறுநாள் காலை மல்லிகாவை மாடிக்கு வரவழைத்தார்.

"இன்னாம்மா இது? யாரு இந்த அண்ணாமலை?"

மல்லிகா என் திரையை எட்டிப் பார்த்தாள். "அது சாமி பேருங்க" என்றாள்.

"சாமி பேர்ல திருடறியா?"

அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, கயிற்றை ஒழுங்காகச் சுற்றி, மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. மனதில் ஏறவில்லை. அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. இரண்டு கவுன்டர்

அடுத்த பௌர்ணமி பத்து நாளில் வந்தது. அடி அண்ணாமலை கடையில் மல்லிகா உட்காரும் முதல் கவுன்டருக்கு ஆள் இல்லை. சாமான் அடுக்கும் குமரேசன் பௌர்ணமி நாட்களில் மட்டும் இரண்டாவது கவுன்டரில் உட்காருவார். அவர் ஒருவரால் சமாளிக்க முடியாது. "பில்லிங் தெரிஞ்சவரு நீங்கதான் சார், ஒரு நாள் பாத்துக்குங்க" என்று முதலாளி என்னை அனுப்பினார்.

காலை ஒன்பது மணிக்கே பாதை நிரம்பியிருந்தது. வெறுங்காலோடு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். அந்தக் காலடிச் சத்தம் தூரத்து மழை மாதிரி கடைக்குள் கேட்டது. மலை மேல் மெல்லிய பனி. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், நான் விழித்திருக்கிறேனா என்கிற சந்தேகமே வந்துவிட்டது.

முதலில் வந்தவர் நெற்றி நிறைய விபூதி பூசிய ஓர் அம்மா. கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும் வைத்தார்.

"பேர் சொல்லுங்கம்மா."

"சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. கோவிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது குருக்கள் பேர் கேட்பார் இல்லையா? தனக்கென்று எதுவும் வேண்டாதவர்கள் சொல்லும் பதில் அது. அந்த அம்மா பெரிய கோவிலில் தரிசனம் முடித்து நேராக நடந்து வந்திருக்கிறார். பேர் என்று யார் கேட்டாலும் அன்றைக்கு அவர் வாயில் வேறு வராது.

அடுத்து ஒரு இளைஞர். "பேர்?" என்றேன். "கார்த்திகேயன், ரோகிணி நட்சத்திரம்" என்று சொல்லிவிட்டு, எங்கே நிற்கிறோம் என்பது உறைக்க, அவரே சிரித்துவிட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர் "எனக்கும் சாமி பேருக்கே போடுங்க" என்றார். "போன் நம்பர்?" என்றேன். "சாமிக்கு ஏதுங்க போன் நம்பரு?" என்றார். வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேரும் நம்பரும் மாண்டேட்டரி ஃபீல்டு. இரண்டும் இல்லாமல் பில் விழாது. அப்படி வைக்கச் சொன்னதே நான்தான்.

பேர் இடத்தில் அண்ணாமலை என்று அடித்தேன். நம்பருக்குப் பத்து சைபர் போட்டேன். தவறான எண் என்றது. பத்து ஒன்பது போட்டேன். அதற்கும் அதே பதில். வரிசை கதவைத் தாண்டிவிட்டது. டயப்பரோடு நின்ற ஒருவர் கைக்குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

பக்கத்து கவுன்டரிலிருந்து குமரேசன் தலையைத் திருப்பாமலே சொன்னார். "மல்லிகா நம்பரப் போடுங்க சார். வேற போட்டா விழாது."

"அவங்க நம்பரை ஏம்ப்பா?"

"அது பழைய சிம்மு சார், தொலஞ்சி போச்சி. யாருக்கும் தொந்தரவு இல்லாத நம்பராச்சேனு அந்தப் பொண்ணு அதான் போடச் சொல்லும். நானும் அதான் போடறேன். கூட்டம் நிக்குது பாருங்க, போடுங்க சார்."

போட்டேன். பில் விழுந்தது. அடுத்தவருக்கும் போட்டேன். கற்பூரம், தைலம், குளுக்கோஸ், தண்ணீர். நான் மாடியில் நின்று முகம் கொடுத்துப் பார்த்த அண்ணாமலை, ஒவ்வொரு முகமாக வந்து என் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். மத்தியானத்துக்குள் எத்தனை பில் அந்த நம்பருக்குப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

4. வாயால் கேட்டவர்கள்

மறுநாள் அதே எக்ஸெப்ஷன் ரிப்போர்ட்டை எடுத்தேன். அந்த நம்பருக்கு அதிகம் பில் போட்டவர் என்று சிவப்பில் முதல் வரியில் என் ஊழியர் எண் நின்றது. முதலாளியிடம் கொண்டுபோய் வைத்தேன்.

"இன்னா சார், உங்க பேரு மேல நிக்குது?"

"ஆமாங்க. இந்த மாசம் திருடன் நான்தான்."

நடந்ததைச் சொன்னேன். பிறகு திரையை வலது பக்கம் தள்ளிக் காட்டினேன். 'பயன்படுத்திய பாயிண்ட்' என்று ஒரு கட்டம் அங்கே இருந்தது. அண்ணாமலைக்கு நேராக அதில் சைபர். ஒரு வருடத்தில் ஒரு பாயிண்ட்கூட யாரும் எடுக்கவில்லை. முதல் நாளே நான் அதைப் பார்த்திருக்கலாம். மௌஸை இரண்டு அங்குலம் நகர்த்தியிருந்தால் போதும். முதலாளி அந்தச் சைபர் மேல் விரலை வைத்தார். "அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க" என்றார்.

மல்லிகாவுக்குப் போன் செய்தேன். நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள்.

"வரேன் சார். குரூப்ல போட்டத எடுத்துடுவீங்க, தெரியும். ஆனா எங்க தெருவுல செல்லுல பாத்தது பாதி பேரு, வாயால கேட்டது மீதி பேரு. வாயால கேட்டவங்களுக்கு இன்னா பண்ணுவீங்க? தண்ணி புடிக்கப் போனா பேச்ச நிறுத்திடறாங்க சார்."

போனை வைத்துவிட்டுத் திரையைத் திறந்தேன். அந்த சாஃப்ட்வேரில் சந்தேகப்பட்டவர்களைக் காட்ட பதினோரு வகை ரிப்போர்ட் இருந்தது. 'இவர் மேல் தப்பில்லை' என்று காட்ட ஒன்றுகூட இல்லை. எல்லா மெனுவையும் திறந்து தேடிவிட்டுத்தான் சொல்கிறேன். அன்றிலிருந்து, ஒரு மனிதரின் பெயர் வருகிற எந்த ரிப்போர்ட்டையும் அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு நாள் நிற்காமல் நான் அனுப்பியதில்லை. இந்த வேலையில் உங்களுக்கு நான் கற்றுக்கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். பாக்கியைக் கம்பெனிக்காரர்களே டிரெயினிங்கில் சொல்லித்தருவார்கள்.

அடுத்த நாள் காலை அடி அண்ணாமலையில் மல்லிகாவின் வீட்டுக்குப் போனேன். பால்காரர் தெருவிலிருந்து அப்போதுதான் கிளம்பியிருந்தார். மல்லிகா வாசலில் நின்றாள். அவளுடைய மாமியார் நூறு நாள் வேலைக்குப் போவதற்காகத் தலையில் துண்டு கட்டிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் ரிப்போட்டு அனுப்புன ஆளா?"

"ஆமாம்மா."

"மெஷினு தப்பா சொல்லிச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. கஸ்டமர் நம்பரும் உங்க மருமக நம்பரும் ஒண்ணுனு மட்டுந்தான் மெஷின் சொல்லிச்சு. அது சரிதான். திருட்டுனு சொன்னது நான். உங்க மருமக ஒரு பைசா தப்பு பண்ணல."

அந்த அம்மா துண்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டார். பக்கத்து வீட்டு வாசலில் யாரோ கோலமாவுக் கிண்ணத்தோடு குனிந்தபடியே நின்றுவிட்டிருந்தார்கள். எதிர் வீட்டில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது.

"இத இன்னொரு தபா சொல்லு" என்றார் அவர். "சத்தமா சொல்லு. அந்தக் கோடி வரைக்கும் கேக்கணும்."

நான் தெருவில் இறங்கி நின்று, சத்தமாகச் சொன்னேன்.