லிஃப்ட் மெக்கானிக்கின் ரிப்பீட்டர்

என் சித்தப்பாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையின் மூலையில், ஹாம் ரேடியோ சங்கத்தின் ரிப்பீட்டர் இருந்தது. வீடுகளிலிருந்து பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்களின் மெலிந்த சிக்னலை வாங்கி, வேறொரு அலைவரிசையில் அப்போதே பலமாகத் திருப்பி அனுப்பும் பெட்டி. அறைச் சாவி அவரிடம் இருந்ததால் பெட்டியும் அவர் தலையில் விழுந்தது. பத்தொன்பது வருடம்.

அதற்கு வராத வியாதி இல்லை. மழை பெய்தால் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கும். வெயிலில் கண்டென்சர்கள் உப்பும். ஒருமுறை விசிறிக்குள் பல்லி செத்துக் கிடந்தது.

"நானும் அந்தப் பெட்டியும் ஒரே நாள்ல படுத்தா, நான் தானா எந்திரிச்சு மாத்திரை போட்டுக்கணும்" என்பாள் சித்தி. சித்தப்பா மறுத்ததில்லை.

மூன்று நிமிடத்துக்கு மேல் யாராவது விடாமல் பேசினால் ரிப்பீட்டர் தானாக வாயை மூடிக்கொள்ள வேண்டும். மைக் பட்டன் எங்காவது சிக்கி, பெட்டி சூடேறி எரிந்துவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. சித்தப்பா யாரிடமும் சொல்லாமல் அந்த டைமரின் வயரைக் கழற்றி வைத்திருந்தார். வாத்தியாருக்காக.

வாத்தியார் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். தனிக்கட்டை. பக்கவாதம் வந்த பிறகு ஒரு வாக்கியத்தை முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. பாதியில் வெட்டுப்பட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வயரைக் கழற்றிய பிறகு தினமும் காலையில் ரேடியோவில் வந்து, பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றி முழுதாகச் சொல்லி முடித்தார்.

நான் பல வருடம் வெளியே சுற்றிவிட்டு வந்து சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெட்டியின் விசிறி சரியாகச் சுற்றவில்லை என்று பார்க்கப் போனவர், டார்ச் பிடிக்க என்னையும் கூட்டிப்போனார். அவர் கையிலிருந்த வாக்கிடாக்கியில் வாத்தியார் பூனையைப் பற்றித் தொடங்கினார். தொம்மென்று ஒரு சத்தம். பிறகு பேச்சில்லை. வாக்கிடாக்கிக்குள் அவர் வீட்டு மின்விசிறி கிறீச்சிட்டது. அதனடியில் யாரோ கரகரவென்று மூச்சு விட்டார்கள்.

சங்கச் செயலாளர் போன் செய்தார். "யாரோ மைக் மேல உக்காந்திருக்கான். பெட்டியை அணைங்க, எரிஞ்சுடும்."

"வாத்தியார் சார். விழுந்துட்டார்."

சித்தப்பா ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். பிறகு ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ போ. ஆம்புலன்ஸ்காரங்களுக்கு அந்தச் சந்து தெரியாது. நான் இங்க கேட்டுக்கிட்டிருக்கேன்."

"பெட்டி கொதிக்குதே சித்தப்பா."

"அணைச்சா அவருக்கு மூச்சு இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? போ."

இன்னொரு வாக்கிடாக்கியை என் பைக்குள் போட்டார். நான் கதவை எட்டும்போது அட்டைப்பெட்டி மூடியால் பெட்டிக்கு விசிறத் தொடங்கியிருந்தார்.

வழி நெடுக என் இடுப்புப் பக்கம் வாத்தியாரின் மூச்சு கேட்டது. சிக்னலில் நின்றபோது பக்கத்து பைக்காரர் என் பையையே பார்த்தார். மேம்பாலம் இறங்கும்போது எல்லாம் நின்றது. ஓரங்கட்டி சித்தப்பாவைப் போனில் கூப்பிட்டேன்.

"நின்னுடுச்சு."

"இங்க புகையுது. பெட்டிதான் போச்சு." இருமினார். "பெட்டிதான்னு நினைக்கிறேன். நீ நிக்காத."

நானும் ஆம்புலன்ஸும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். கதவை உடைத்தார்கள். மைக் வாத்தியாரின் தோளுக்கு அடியில் இருந்தது. உடம்பில் சூடு இருந்தது. நாடி இல்லை. உயிர் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது என்றார் ஆம்புலன்ஸில் வந்தவர். நான் மேம்பாலத்தில் நின்று இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் செயலாளர் வீட்டுக்கு வந்தார். பெட்டியிலிருந்து கழற்றிய கரிந்த ஆம்ப்ளிஃபயர் மேஜைமேல் கிடந்தது. அதன் டிரான்சிஸ்டரை இப்போது யாரும் தயாரிப்பதில்லை.

"டைமரைக் கழட்டினது யாரு?"

"நான்தான்."

"சரி, விடுங்க. ஒண்ணு மட்டும் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பெட்டியை அணைச்சுட்டு, கையில இருந்த செட்டுல ரிவர்ஸ் பட்டனை அமுக்கியிருந்தா, பெட்டி இல்லாமலே அவரோட சிக்னலை நேரா கேட்டிருக்கலாமே. அவ்வளவு உயரத்துல தெளிவா வந்திருக்கும். பெட்டியும் தப்பிச்சிருக்கும்."

செயலாளர் தேநீரை முடித்து, அறைச் சாவியின் நகல் ஒன்று சங்கத்திடமும் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு போனார்.

சித்தி தட்டு வைத்தாள். சித்தப்பா தொடவில்லை.

"புகைஞ்ச பிறகாவது தோணியிருக்கணும்" என்றார். "பதினஞ்சு நிமிஷம் அந்த ஆளு இருந்திருக்காரு. நான் ஒண்ணும் கேக்காத செட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"பதட்டத்துல யாருக்குத் தோணும்? விடுங்க" என்றாள் சித்தி.

"பட்டன் என் கட்டைவிரலுக்குக் கீழதான் இருந்துச்சு" என்றார்.