ஆங்கில வழி பஸ்

எண்பதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் நான் டீச்சராக இருந்த நகராட்சித் தொடக்கப்பள்ளி, பஸ் நிலையத்துக்கு நேர் எதிரே இருந்தது. டை கட்டிய பிள்ளைகள் எங்கள் கேட்டைத் தாண்டி கான்வென்ட்டுக்குப் போவார்கள். எங்கள் கேட்டுக்குள் ஆசையாக நுழைந்தவை ஆடுகள்தான்.

ஒரு ஜூன் மாதம் தலைமையாசிரியைக்கு யோசனை பிறந்தது. "ஒண்ணாங் கிளாஸ்ல இங்கிலீஷ் மீடியம் ஆரம்பிச்சிட்டா, காந்தமாட்டம் இழுக்கும் பாருங்க டீச்சர்" என்றார். மேலதிகாரி அனுமதித்தார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் முப்பது பிள்ளைகள் சேர வேண்டும், இல்லாவிட்டால் நான் உபரி, சித்தேரி மலைக்கு மாற்றல் என்றும் சொல்லிவிட்டார். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம், தாய்ப்பால் குடிக்கிறவள். எப்படியும் முப்பதைச் சேர்த்தே ஆக வேண்டும். இத்தனைக்கும் என் இங்கிலீஷ் ஆப்பிளில் கிளம்பினால் எலிபன்ட் வரைக்கும்தான் தடுமாறாமல் போகும்.

கேட்டில் கட்டத் துணி பேனர் எழுதிய பெயின்டர் தாராள மனசுக்காரர். 'ஆங்கில வழி' என்பதை ஆள் உயரத்துக்கு எழுதிவிட்டு, 'வகுப்பில் சேர்க்கை' என்பதற்குத் துணி போதாமல் மூலையில் எறும்பு மாதிரி ஒட்டவைத்தார். எங்கள் ஊர் பஸ்களில் 'ஓசூர், வழி பாலக்கோடு' என்று பலகை மாட்டியிருக்கும். கேட்க வேண்டுமா? காந்தம் நன்றாகவே இழுத்தது, பயணிகளை.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. இருபத்தொன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். அப்போது மாரண்டஹள்ளிப் பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருவர், ஆறு வயது மகளோடு வந்தார்.

"டீச்சருங்க, மாரண்டஹள்ளிக்கு ஆங்கில வழி போற பஸ்ஸு இங்கதான் நிக்குதுங்களா? பாலக்கோடு வழி தெரியும். இது புது வழியா இருக்குதுங்க. எனக்குப் படிக்க வராதுங்க, பாப்பாதான் படிச்சிச் சொல்லுச்சு."

"பாப்பா எந்த ஸ்கூல்ல படிக்குது?"

"இன்னும் சேக்கலைங்க. கண்டக்டருங்கள கேட்டுக் கேட்டு, பஸ் போர்டு பாத்தே அதுவா கத்துக்கிச்சு."

ஜன்னலுக்கு வெளியே நின்ற பஸ்களை அவள் கடகடவென்று வாசித்தாள். பாப்பிரெட்டிப்பட்டியில் ஓர் ஒற்றெழுத்தைக்கூட முழுங்கவில்லை. நான் சும்மா விடுவேனா? அவர்கள் விருந்துக்கு வந்திருந்த அத்தை வீடு பஸ் நிலையத்துக்குப் பின்னால்தான் என்று தெரிந்ததும், அங்கேயே தங்கிப் படிக்கட்டும், கலெக்டராகிவிடுவாள் என்று கூசாமல் அளந்தேன்.

"பாப்பாவ வுட்டுட்டு எப்புடிங்க நான் பஸ் ஏறுவேன்?" என்று மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "டீச்சரு நீங்க சொன்னா செரிங்க" என்று கைநாட்டு வைத்தார். முப்பது. தலைமையாசிரியை எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கரும்பலகையில் ஏ, பி, சி எழுதினேன். எதைக் கண்டாலும் வாசிக்கிறவள் எழுத்து எழுத்தாக உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

"டீச்சர், இது எந்த ஊரு போர்டுங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் படிக்கத் தெரியாமல் போன வெட்கத்தில், தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. அப்பாவையும் அவள் எழுத்துகளையும் ஒரே சமயத்தில் பிடுங்கியிருந்தேன்.

அந்த வருஷம் மாற்றல் எனக்கு வரவில்லை. அவளுக்குத்தான் வந்தது.